வீட்டை விற்கும் முன் சமையலறை: பெங்களூரில் எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்

எங்கள் ராமமூர்த்தி நகர் பிளாட்டைப் பார்க்க முதலில் வந்தவர்கள் ஒரு கணவன் மனைவி, கூடவே அந்தப் பெண்ணின் மாமியார். ஹாலில் அரை நிமிடம் நின்றார்கள். மாமியார் மட்டும் யாருக்கும் காத்திராமல் சமையலறைக்குப் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சிங்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தார். உள்ளே பலகை உப்பிக் கிடந்தது. சொட்டும் தண்ணீரைப் பிடிக்க நான் வைத்திருந்த பழைய ஐஸ்கிரீம் டப்பா பாதி நிறைந்திருந்தது.

"ஏம்மா, இது எத்தனை நாளா கசியுது?"

என்னிடம் பதில் இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் 22,000 ரூபாய் கொடுத்து வீடு முழுக்க பெயிண்ட் அடித்திருந்தேன். அந்த அம்மா சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நான்கு நாள் கழித்து புரோக்கர் வழியாக வந்த விலை, நாங்கள் கேட்டதைவிட மூன்று லட்சம் குறைவு. காரணம் கேட்டால், "கிச்சன் முழுக்க மாத்தணும்னு சொல்றாங்க மேடம்." அந்தக் கசிவைச் சரி செய்ய பிளம்பர் பிற்பாடு வாங்கியது, பொருளோடு சேர்த்து, 1,400 ரூபாய்.

அதனால் முதல்முறையாக வீடு விற்கப் போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். வாங்க வருகிறவர் சமையலறையில் மூன்று வேலைதான் செய்வார்: கதவைத் திறப்பார், குழாயைத் திருப்புவார், மூச்சை இழுத்துப் பார்ப்பார். உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் அந்த மூன்றுதான். மற்றதைப் பெரும்பாலும் அவர்கள் தங்கள் ரசனைக்கு மாற்றிக்கொள்வார்கள். ஒரு மாடுலர் கிச்சன் கடையில் எங்களுக்கு 2.8 லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்தார்கள். நாங்கள் கடைசியில் முடித்தது 55,000-க்குள்.

காகிதத்தைக் கிளப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்

இது சமையலறைக் கட்டுரை என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இ-காத்தா (சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் மாநகராட்சியின் மின்னணுப் பதிவு) இல்லாமல் பெங்களூரில் இப்போது வீட்டைப் பதிவு செய்ய முடியாது. சொத்து வரி ரசீது, வில்லங்கச் சான்று, அசோசியேஷனின் பாக்கி இல்லாச் சான்று எல்லாவற்றுக்கும் முதலில் விண்ணப்பித்துவிடுங்கள். அவை நடக்கும் வாரங்களில் ஆசாரியும் மேஸ்திரியும் தங்கள் வேலையை முடித்துவிடுவார்கள். காத்தா பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் எந்த கிரானைட்டும் உங்களைக் காப்பாற்றாது.

அசோசியேஷனிடம் ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள். டிரில் போட எத்தனை மணிக்கு அனுமதி, லிஃப்டில் பலகை ஏற்றலாமா, இடிபாட்டை எங்கே குவிப்பது என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. கேட்காமல் தொடங்கினால் மூன்றாவது நாள் செக்யூரிட்டி வந்து வேலையை நிறுத்துவார், அன்றைய கூலி உங்கள் தலையில். இடிபாட்டை ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் கொட்டிவிடுகிறேன் என்று சொல்லும் டிராக்டர்காரரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

காலி செய்து, தேய்த்து, அப்புறம் பாருங்கள்

செலவே இல்லாத வேலை இதுதான். எல்லாரும் கடைசிக்குத் தள்ளுவதும் இதைத்தான். பரணில் இருக்கும் பித்தளை அண்டா, ஓடாத கிரைண்டர், கல்யாணத்துக்கு வந்து பிரிக்காத ஹாட் பாக்ஸ் எல்லாவற்றையும் இறக்குங்கள். சொந்த ஊருக்குப் போக வேண்டியது போகட்டும், மற்றது காயலான் கடைக்கு. மேடையில் அடுப்பும் ஒரு மிக்ஸியும் தவிர எதுவும் வேண்டாம். நிறைந்த அலமாரி, இங்கே இடம் போதாது என்று வருகிறவரிடம் நம் வாயாலேயே சொல்வதுபோல.

காலியான பிறகுதான் பிசுக்கு தெரியும். இருபது வருடத் தாளிப்பு பரண் கதவின் மேல்விளிம்பில் மஞ்சள் பசையாக உட்கார்ந்திருக்கும். சலவை சோடாவைக் கொதிநீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு துணியில் நனைத்துத் துடைத்தால் போய்விடும். சிம்னியின் இரும்பு ஜாலியையும் அதே தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிடலாம். அலுமினிய ஜாலியாக இருந்தால் சோடா வேண்டாம், கறுத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போதும்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்புக்கறை கட்டியிருக்கும். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், லேசான அமிலத்தில் கரைந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, குழாய் முனை அதில் முங்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அரை மணி விட்டால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பெங்களூர் வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பாக் கல் தட்டுகள் இருக்கும். கடப்பா ஒரு வகைச் சுண்ணாம்புக்கல், வினிகரும் எலுமிச்சையும் பட்டாலே பளபளப்பு போய் வெளுத்துவிடும். டாய்லெட்டுக்கு ஊற்றும் ஆசிட்டை சமையலறைப் பக்கமே கொண்டுவராதீர்கள். ஸ்டீல் சிங்கில் அது பொட்டுப் பொட்டாகக் குழி விழ வைக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் வருவது குளோரின் வாயு.

எங்கள் வீட்டில் இந்தத் தேய்ப்புக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. முடித்துவிட்டுப் பார்த்தால், மாற்ற வேண்டும் என்று எழுதி வைத்திருந்த பட்டியலில் பாதி அடிபட்டுப்போனது.

சிங்கின் அடியில் என்ன இருக்கிறது

மொபைல் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். சிங்கை நிரம்ப நிரப்பி, ஒரேயடியாகத் திறந்து விடுங்கள். சொட்டுச் சொட்டாக வரும்போது தெரியாத கசிவு, வேகமாக இறங்கும்போது தெரியும். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள், எது நனைகிறதோ அதுதான் குற்றவாளி. எங்கள் வீட்டில் அது சிங்கின் ஜாலிக்குக் கீழே இருந்த ரப்பர் வாஷர். காய்ந்து பிஸ்கட் மாதிரி உடைந்திருந்தது.

அடுத்தது நாற்றம். பல வீடுகளில் சிங்கிலிருந்து ஒரு வளையும் பைப்பை நேராகத் தரை ஓட்டைக்குள் செருகிவிட்டுப் போயிருப்பார்கள். குழாய் ஓர் இடத்தில் வளைந்து, அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். கீழிருந்து வரும் சாக்கடைக் காற்றை அந்தத் தண்ணீர்தான் தடுக்கிறது. வளைவு இல்லாவிட்டால் வாடையும் கரப்பானும் தாராளமாக மேலே ஏறி வரும். பிளம்பரிடம் "டிராப்" வைத்துக் கொடுங்கள் என்றால் புரிந்துகொள்வார். தரை ஓட்டையைச் சுற்றியும் மூடி போட்டு அடைக்கச் சொல்லுங்கள்.

சிங்குக்குக் கீழே தண்ணீரை அடைக்க இருக்கும் ஆங்கிள் காக் உப்பேறித் திரும்பாமல் இறுகியிருந்தால் அதையும் மாற்றிவிடலாம். சிங்கையே மாற்ற வேண்டுமா? ஓட்டை இல்லாத ஸ்டீல் சிங்கை விட்டுவிடுங்கள், மெருகேற்றினால் போதும். அப்படியே புதிது வாங்கினாலும், காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 கிரேடு என்று கடைக்காரர் காட்டும் வித்தையை நம்ப வேண்டாம். மட்டமான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. பில்லில் கிரேடை எழுதி வாங்குங்கள்.

பெங்களூர் பிளாட்டுகளில் சமையலறைக்குப் பின்னால் யுட்டிலிட்டி என்று ஒரு துண்டு இடம் விட்டிருப்பார்கள். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு அது பழைய சாமான் போடும் மூலை, இந்த ஊர்க்காரர்களுக்கோ அது சமையலறையின் பாதி. பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது எல்லாம் அங்கேதான். அங்கே தண்ணீர் தேங்காமல் ஓடுகிறதா, வாஷிங் மெஷினுக்குக் குழாயும் பிளக் பாயிண்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் மேடையைவிட இதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

பெட்டி இருக்கட்டும், கதவை மட்டும் மாற்றுங்கள்

பணம் மிச்சமாகும் பெரிய இடம் இது. அலமாரியின் உள்பெட்டி நன்றாக இருந்தால், வெளியே தெரியும் கதவுகளை மட்டும் புதிதாகப் போட்டாலே முழுச் சமையலறையும் புதிதாகத் தெரியும். பெட்டி தேறுமா என்பதை ஒரு ஸ்க்ரூ டிரைவர் சொல்லிவிடும். அடிப்பலகையிலும் பின்மூலையிலும் முனையால் குத்திப் பாருங்கள். கெட்டியாக நின்றால் வைத்துக்கொள்ளலாம். ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கினால் அது ஊறிப்போன துகள்பலகை, எடுத்துவிட வேண்டியதுதான். கடப்பாக் கல் தட்டுகள் உள்ள வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். அது உப்பாது, கரையான் அரிக்காது. முன்னால் ஒரு பிரேம் அடித்துக் கதவு மாட்டினால் வேலை முடிந்தது.

பலகை வாங்கும்போது கடைக்காரர் "வாட்டர்ப்ரூஃப்" என்பார். அந்த வார்த்தைக்கு அர்த்தமில்லை. பலகையின் மேல் அடித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ் என்பது இந்தியத் தர முத்திரை. ஐஎஸ் 303 என்பது சாதாரண உபயோகத்துக்கு, அதிலேயே ஈரம் தாங்கும் எம்ஆர், கொதிநீர் தாங்கும் பிடபிள்யூஆர் என்று இரண்டு உண்டு. ஐஎஸ் 710 என்பது மரைன் பிளை, தண்ணீரை அதிகம் தாங்குவது. விற்கப் போகிற வீட்டில் மேல் அலமாரிக் கதவுகளுக்கு எம்ஆர் தாராளம். அடுப்புக்கும் சிங்குக்கும் பக்கத்தில் பிடபிள்யூஆர். சிங்குக்கு நேர் கீழே மட்டும் பிவிசி போர்டு போட்டோம், தண்ணீர் பட்டாலும் கவலையில்லை.

பிளைவுட், லேமினேட் வாங்க லால்பாக் பக்கம் சித்தையா ரோடு, கீல் கைப்பிடிக்கு எஸ்ஜேபி ரோடு, விளக்குக்கு பிவிகே ஐயங்கார் ரோடு என்று ஒரே நாளில் சுற்றிவிடலாம். கார் எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காமல் அரைநாள் போய்விடும். லேமினேட்டில் வெளிர் சாம்பல் அல்லது பாலேடு நிறம், பளபளப்பில்லாதது போதும். பளபளக்கும் சிவப்பு அழகுதான், ஆனால் வாங்க வருகிற பத்துப் பேரில் எத்தனை பேருக்குப் பிடிக்கும்? என் வீட்டுக்காரருக்கு அந்தச் சிவப்பின் மேல் ஒரு கண் இருந்தது. கடையிலேயே சண்டை போட்டு மறுத்துவிட்டேன்.

கீலில் கஞ்சத்தனம் வேண்டாம். மெதுவாக மூடிக்கொள்ளும் கீலுக்கும் சாதாரணத்துக்கும் ஒரு கதவுக்கு நூறு, இருநூறு ரூபாய்தான் வித்தியாசம். கதவு சத்தமில்லாமல் தானாக மூடுவதை வருகிறவர் கையால் உணர்வார். பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் பெரிதாகியிருந்தால் அதிலேயே புதிய கீலை மாட்டவிடாதீர்கள், ஒரு அங்குலம் மேலோ கீழோ தள்ளி மாட்டச் சொல்லுங்கள். பதினான்கு கதவுகளுக்கு, பலகை, லேமினேட், கீல், கைப்பிடி, கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 34,000 ரூபாய். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதுதான்.

மேடையும் டைல்ஸும்

கிரானைட் மேடையை மாற்ற நினைப்பவர்கள் ஒரு முறை பாலிஷ்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கறுப்புக் கல் இருபது வருடத்தில் மங்குவது தேய்மானத்தால் என்பதைவிட எண்ணெய்ப் படலத்தாலும் உப்பாலும்தான். மெஷின் பாலிஷ் போட்டதும் எங்கள் கல்லில் முகம் தெரிந்தது. 4,500 ரூபாய், ஒரு பகல் வேலை. வீடு முழுக்கச் சேறு தெறிக்கும் என்பதால் புதுக் கதவு மாட்டுவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். மேடையும் சுவர் டைல்ஸும் சேரும் மூலையில் கறுத்துப்போன சிலிக்கோன் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பூஞ்சை பிடிக்காத வகையைப் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள்.

டைல்ஸை உடைத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். தடுத்தவர் தர்மபுரிக்காரரான மேஸ்திரி. வந்தவர் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போனார், காதை வைத்துக் கேட்டார்.

"அக்கா, டைல்ஸு நல்லாத்தான் இருக்கு. ரெண்டே ரெண்டுதான் டொக்கு. சந்துதான் கறுத்துப் போச்சு. சந்த மட்டும் சுரண்டி எபாக்ஸி போட்டா புதுசு மாதிரி ஆயிடும். எதுக்கு உடைக்கணும்?"

தன் கூலியைத் தானே குறைத்துக்கொண்ட மனிதர். இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பழைய சிமெண்டைச் சுரண்டி, எபாக்ஸி என்ற பிசின் கலவையை நிரப்பி, அது இறுகுவதற்குள் ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே போனார். துடைக்கத் தாமதித்தால் டைல்ஸின் மேல் பால் ஆடைபோல் படிந்துவிடும், பிறகு போகாது. மஞ்சள்தூள் கறை எபாக்ஸியில் எளிதில் ஏறாது என்பது நம்மைப்போலச் சமைப்பவர்களுக்குப் பெரிய லாபம். டொக்கு விழுந்த, அதாவது சுவரில் பிடிப்பு விட்டுப்போன, இரண்டு டைல்ஸுக்குப் பரணில் பழைய மிச்சம் கிடைத்தது. உங்களிடம் இல்லாவிட்டால் அடுப்புக்கு நேர் பின்னால் மட்டும் வேறு நிறத்தில் ஒரு பட்டை ஒட்டிவிடலாம், வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும். டைல்ஸுக்கு மேல் அடிக்கும் பெயிண்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுப்புச் சூட்டிலும் ஈரத்திலும் உரியத் தொடங்கினால் முன்பைவிட மோசம்.

மின்சாரம், கேஸ், பெயிண்ட்

பழைய வீடுகளில் மேடைக்கு மேலே ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும். மிக்ஸிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, ஓவன் வைக்க 16 ஆம்பியரில் ஒன்று என்று குறைந்தது மூன்று வேண்டும். இருக்கிற ஒயரிலேயே 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டி ஏமாற்றக் கூடாது, மெயின் போர்டிலிருந்து தடிமனான தனி ஒயரும் தனி எம்சிபியும் (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) தேவை. எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் சோதிக்கட்டும். டியூப்லைட்டை எடுத்துவிட்டு, மேல் அலமாரியின் அடியில் ஒரு எல்இடி பட்டை ஒட்டினால் மேடை முழுக்க வெளிச்சம் விழும். கொடுத்த காசுக்குக் கண்ணில் அதிகம் படும் மாற்றம் இந்த விளக்குதான்.

சிலிண்டர் வீடென்றால் ரப்பர் டியூபின் தேதியைப் பாருங்கள். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குழாய் கேஸ் வந்த வீடென்றால் மீட்டரையோ லைனையோ ஆசாரி நகர்த்தக் கூடாது, கேஸ் கம்பெனி ஆள்தான் வர வேண்டும்.

பெயிண்ட் கடைசி. நான் அதை முதலில் செய்து 22,000-ல் கொஞ்சத்தைப் புழுதியில் விட்டேன். அடுப்புப் பக்கச் சுவரையும் மேற்கூரையையும் சோடாத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, பிரைமர் போட்ட பிறகுதான் பெயிண்ட். நேரடியாக அடித்தால் எண்ணெய்க்கறை இரண்டே வாரத்தில் எட்டிப் பார்க்கும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம், அந்த மாதங்களில் ஒவ்வொரு கோட்டுக்கும் கூடுதலாக ஒரு நாள் விடுங்கள்.

தொடவே வேண்டாதவை

சுவரை இடித்து ஓபன் கிச்சன் ஆக்குவது: அசோசியேஷன், கட்டடத்தின் பாரம், வாடை என மூன்று தலைவலி. மேடையில் பதிக்கும் விலை உயர்ந்த ஹாப் அடுப்பு, புதுச் சிம்னி: போட்ட காசு திரும்பாது. அடுப்பு கிழக்குப் பார்க்கவில்லை, சமையலறை அக்னி மூலையில் இல்லை என்று வாஸ்து பார்ப்பவர் வேறு வீடு தேடிக்கொள்ளட்டும், அதற்காக மேடையைத் திருப்பாதீர்கள். அடுப்பையும் சிங்கையும் ஒன்றையொன்று விட்டுத் தள்ளி வைக்க முடிந்தால் வையுங்கள், அது நடைமுறைக்கும் நல்லது.

பணமும் பில்லும்

ஆட்களிடம் முழுக் காண்ட்ராக்ட் கொடுக்காமல், பொருளை நீங்களே வாங்கிக் கூலியை மட்டும் பேசுங்கள். எத்தனை கதவு, எத்தனை அடி, எந்த முத்திரை என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி "சரி" வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ், பாதி முடிந்ததும் ஒரு பங்கு, எல்லாக் கதவையும் நீங்களே திறந்து மூடிப் பார்த்த பிறகு மிச்சம். எங்கள் ஆசாரி ராஜஸ்தான்காரர். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி அரைகுறை. இருவரும் கன்னடத்தில் "சொல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க) சொல்லியே வேலையை முடித்தோம்.

பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையை விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கூட்டிக்கொள்வது) இல்லாமல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடென்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் 20 சதவீதத்தைச் சரிக்கட்டலோடு கணக்கிட்டுப் பார்த்து, எது குறைவோ அந்த வரியைக் கட்டலாம். வீட்டை மேம்படுத்திய செலவை ஆதாயத்தில் கழிக்க வழி இருக்கிறது. ஆனால் பெயிண்ட், பழுதுபார்ப்பு போன்றவை பொதுவாக அந்தக் கணக்கில் சேராது. எது சேரும் என்பதை ஆடிட்டர் பிரித்துச் சொல்வார், அதற்குப் பெயர், தேதியோடு பில் வேண்டும்.

காட்டும் நாளும், எழுதிக் கொடுக்கும் நாளும்

முதல்நாள் கருவாடு வேண்டாம். சைவக் குடும்பம் வந்தால் அந்த வாடையிலேயே திரும்பிவிடும். மேல்தொட்டி நிரம்பிய நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள், குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாக வர வேண்டும். கிழக்கு ஜன்னல் உள்ள சமையலறைக்குக் காலை பத்து மணி நல்ல நேரம். வந்தவர்களைச் சமையலறையில் இரண்டு நிமிடம் தனியே விடுங்கள், பின்னாலேயே நின்று விளக்காதீர்கள்.

இரண்டாம் சுற்றில் வந்த ஒரு பெரியவர் சிங்குக்குக் கீழே குனிந்து, கையை உள்ளே விட்டுப் பலகையைத் தடவிப் பார்த்தார். கையை முகர்ந்தார். கதவை விட்டார், அது மெதுவாகத் தானே மூடியது. "வாட்டர் பியூரிஃபையரை விட்டுட்டுப் போவீங்களா?" என்று கேட்டார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. பியூரிஃபையர், சிம்னி, கேஸ் அடுப்பு, எக்ஸாஸ்ட் ஃபேன், பரணில் இருக்கும் மிச்ச டைல்ஸ், இவற்றில் எது வீட்டோடு போகும், எதை எடுத்துப் போவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, அட்வான்ஸ் வாங்கும்போதே விற்பனை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். நாங்கள் பியூரிஃபையரை விட்டோம், சிம்னியையும் விட்டோம். கிரைண்டரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.